நான்கு நாள் குறைவு: செட்டிநாட்டு மாணவி ஒருவரின் விசா நிராகரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

2025 ஆகஸ்ட் 27ஆம் நாள், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு செட்டிநாட்டு ஊரைச் சேர்ந்த 22 வயது மாணவி ஒருவரின் பிரிட்டன் மாணவர் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வணிகவியல் பட்டம் பெற்ற அவருக்கு, லண்டனுக்கு வெளியேயுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியலும் நிதியியலும் சேர்ந்த ஓராண்டு முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஆங்கிலத் தேர்விலோ மதிப்பெண்ணிலோ சேர்க்கைத் தாள்களிலோ குறை ஏதும் இல்லை. தந்தையின் வங்கிக் கணக்கில் ஜூலை 18 முதல் 21 வரை நான்கு நாள்கள், இருக்க வேண்டிய தொகையைவிட ஏறத்தாழ 18,000 ரூபாய் குறைவாக இருந்தது என்பதுதான் நிராகரிப்புக் கடிதம் சொன்ன ஒரே காரணம்.

காரைக்குடி வட்டாரத்தில் வங்கிப் பணியிலிருந்து, அதிலும் பல ஆண்டுகள் கல்விக் கடன் வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குடும்பத்துக்குத் தொடக்கம் முதல் யோசனை சொல்லி வந்தவனும் நானே. ஆகவே நேர்ந்த பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன். குடும்பத்தாரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

வீடும் அதன் பங்குகளும்

மாணவியின் அப்பச்சி (செட்டிநாட்டில் தந்தையை இப்படித்தான் அழைப்பார்கள்) உள்ளூரில் சிறிய அளவில் மொத்த வியாபாரம் செய்கிறார். அவருடைய பாட்டனார் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் செய்ய) போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடு இன்றும் முகப்பு, வளவு (உள்முற்றமுள்ள நடுக்கட்டு), இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீண்டு நிற்கிறது. தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பாவிய தளமும் பார்த்தவர்கள், இந்த வீட்டுப் பிள்ளை படிக்கப் பணத்துக்கு என்ன குறை என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்த வீடு இவர்களுடையது மட்டுமன்று. அப்பச்சிக்கு உரியது பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வாய்மொழியாகக் கணக்குச் சொல்வார்கள். பாகப் பத்திரம் எழுதப்பட்டதில்லை. ஒவ்வொரு பங்காளிக்கும் பூட்டும் சாவியுமாக அறைகள் உண்டு. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்துக்கும் 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தத்துக்கும் பிறகு பெண்மக்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை உண்டு என்பதால், அயித்தைமாரையும் சேர்த்தால் கையெழுத்திட வேண்டியவர்கள் பதினான்கு பேர்.

கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். பிரிக்கப்படாத பங்கை ஈடு வைக்கச் சட்டம் ஒருவருக்குத் தடை சொல்லவில்லை என்றாலும், வங்கி அதை ஏற்பதில்லை. அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, கூட்டுக் குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவருடைய பங்கை வெளியாள் வாங்கினால், மற்றப் பங்காளிகளோடு சேர்ந்து அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை அவருக்குக் கிடைக்காது. பாகம் பிரிக்க வழக்குத்தான் போட வேண்டும். ஏலத்தில் எவரும் எடுக்காத ஈட்டை வைத்துக்கொண்டு வங்கி என்ன செய்யும்? குடும்பத்துக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சையும் இருந்தது. ஆனால் வாராக் கடனுக்காக ஈட்டுச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழி செய்யும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால், அதையும் வங்கிகள் விரும்புவதில்லை.

எஞ்சியது காரைக்குடியில் மாணவியின் ஆத்தா (தாய்) பெயரில் உள்ள ஒரு வீட்டுமனை. அது ஆத்தாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. இளைய மகளின் திருமணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைத் தொடக்கூடாது என்று ஆத்தா சொன்னபோது நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று இன்று நினைக்கிறேன். ஆனால் ஒரு தாய் இரண்டு மகள்களுக்கு நடுவே நின்று சொன்ன சொல்லை அன்று எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை.

உறவினர் பணம்

ஆகவே பணத்தைச் சொந்தத்துக்குள்ளேயே திரட்டுவது என்று முடிவாயிற்று. செட்டிநாட்டில் இது புதிய வழியன்று. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்த நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் (கடன் கொடுக்கும் வட்டிக்கடைகள்) இயங்கியதாகக் கணக்கிட்டது. அந்தக் கடைகளின் மூலதனத்தில் கணிசமான பகுதி, உறவினரும் கோயில்களும் வட்டிக்குப் போட்டு வைத்த பணம். ஒருவர் பெயரில் இருக்கும் பணம் மற்றவருக்கும் உதவும் என்பது இங்கே நான்கு தலைமுறைப் பழக்கம்.

தேவை எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம். கல்விக் கட்டணம் 22,000 பவுண்டு. அதில் 5,000 பவுண்டை முன்பணமாகச் செலுத்திவிட்டார்கள், மீதி 17,000. 2025 ஜனவரி 2 முதல் நடைமுறையில் இருந்த விதிப்படி, லண்டனுக்கு வெளியே படிப்பவர் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 10,224 பவுண்டு காட்ட வேண்டும். மொத்தம் 27,224 பவுண்டு. பவுண்டுக்கு 116 ரூபாய் என்று கொண்டால் 31,57,984 ரூபாய். இதைத் தவிர அப்போது விசாக் கட்டணம் 524 பவுண்டும், மருத்துவ மேல்வரி 1,164 பவுண்டும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டியிருந்தன.

அப்பச்சியின் வைப்புத் தொகை, பெரியப்பச்சி தந்த 12 லட்சம், அம்மான் தந்த 6 லட்சம், ஆத்தாவின் நகைகளை அடகு வைத்துப் பெற்ற கடன் எல்லாம் சேர்ந்து 31,80,000 ரூபாய் ஆயிற்று. இந்த இடத்திலேயே ஒரு பிழை நேரவிருந்தது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த முகவர், பெரியப்பச்சியின் பணம் அவர் கணக்கிலேயே இருக்கட்டும், பொறுப்பேற்புக் கடிதம் ஒன்று வாங்கி இணைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அமெரிக்க விசாவுக்கு அது பொருந்தும். அங்கே உறவினர் எவரும் பொறுப்பேற்கலாம், தூதரக அதிகாரி நேர்காணலில் முடிவு செய்வார். பிரிட்டனில் அப்படி இல்லை. பணம் மாணவர் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ, கணவர் அல்லது மனைவி பெயரிலோதான் இருக்க வேண்டும். பெற்றோர் பெயரில் இருந்தால் பிறப்புச் சான்றும் பெற்றோரின் இசைவுக் கடிதமும் வேண்டும். பெரியப்பச்சி, பாட்டனார், அம்மான் எவருடைய கணக்கும் செல்லாது. நகை, பங்குப் பத்திரம், வருங்கால வைப்பு நிதி ஆகியவையும் பணமாகக் கருதப்படுவதில்லை.

இதை நான் விளக்கியபோது பெரியப்பச்சிக்கு வருத்தம்தான். "எம் பணம் எம் மகளுக்கு ஆகாதுன்னு ஒரு சட்டமா?" என்று கேட்டார். தம்பி மகளைத் தம் மகள் என்றே சொல்லிப் பழகியவரிடம், பெற்றவர் யார் என்று மட்டும் பார்க்கும் விதியை விளக்குவது எனக்கும் எளிதாக இல்லை. இருந்தும் அவர் அன்றே 12 லட்சத்தையும் தம்பியின் கணக்குக்கு மாற்றினார். அம்மான் தந்த பணம் ஜூலை 4 அன்று வந்து சேர்ந்தது.

இருபத்தெட்டு நாள்

பிரிட்டன் விதி கேட்பது முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருப்பதை. அந்த 28 நாளின் கடைசி நாள், விண்ணப்பம் செய்யும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். முதல் நாள் இருப்பும் கடைசி நாள் இருப்பும் சரியாக இருந்தால் போதாது. இடையில் ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு முறிந்துவிடும். ரூபாயைப் பவுண்டாக மாற்றும்போது, விண்ணப்பிக்கும் நாளில் ஓவாண்டா இணையதளம் காட்டும் மாற்று விகிதத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜூலை 4 முதல் எண்ணினால் 31ஆம் தேதியோடு 28 நாள் நிறைந்தது. ஆகஸ்ட் 5 அன்று விண்ணப்பம் அனுப்பப்பட்டது. மாணவி பல்லவன் ரயிலில் சென்னை சென்று காசநோய்ப் பரிசோதனையையும் கைரேகைப் பதிவையும் முடித்து வந்தார். படிப்பு செப்டம்பர் 22 அன்று தொடங்க இருந்தது.

இடையில் ஆடி மாதம் பிறந்தது. அந்தக் குடும்பத்தின் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்பு அவ்வாண்டு ஆடியில் வந்தது. செலவைப் பொறுப்பேற்று நடத்தும் முறை அப்பச்சியுடையது. ஜூலை 18 அன்று அவர் அந்தக் கணக்கிலிருந்து 40,000 ரூபாய் எடுத்தார். படைப்பு முடிந்து, பங்காளிகள் தத்தம் புள்ளி வரியை (குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் பங்கை) கொடுத்ததும், 22ஆம் தேதி முழுத் தொகையையும் திரும்பக் கட்டினார். வரவும் செலவும் அவருடைய கைக்கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய் பிசகாமல் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் அறிந்த கணக்கு முறையில் அது பிழையே அன்று; எடுத்தது எடுத்தவர் கையாலேயே ஐந்தாம் நாள் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த நிகழ்வைப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த 40,000 ரூபாயையே காரணமாகச் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பணம் எடுத்தது திருத்தக்கூடிய பிழை. ஜூலை 22 முதல் புதிதாக எண்ணியிருந்தால் ஆகஸ்ட் 18 அன்று 28 நாள் நிறைந்திருக்கும். ஆகஸ்ட் 19 அன்று விண்ணப்பித்திருந்தால் விதி முழுமையாக நிறைவேறியிருக்கும். வழக்கமான முடிவுக் காலம் மூன்று வாரம்; செப்டம்பர் 22க்குள் அதற்கு இடம் இருந்தது. அவசரம் என்றால் 500 பவுண்டு கூடுதலாகக் கட்டி ஐந்து வேலை நாளில் முடிவு பெறும் வசதியும் அப்போது இருந்தது. உண்மையான பிழை, விண்ணப்பத்தோடு இணைத்த வங்கி அறிக்கையை எவரும் வரி வரியாகப் படிக்கவில்லை என்பது. முகவர் படிக்கவில்லை. மாணவி ஜூலை 31ஆம் தேதியின் இருப்பை மட்டும் பார்த்தார். எனக்கு அந்த அறிக்கையைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார்கள்; முப்பது ஆண்டுக்கு மேல் வங்கி அறிக்கைகளைப் பார்த்தே காலம் கழித்த நானும் கடைசி வரியைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். குறையக்கூடாது என்று அப்பச்சியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேனே தவிர, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது குறை, இருப்பின் மெலிவு. தேவைக்கு மேல் இருந்தது 22,016 ரூபாய் மட்டுமே. பவுண்டின் மதிப்பு ஒரே ஒரு ரூபாய் கூடியிருந்தாலும் தேவை 27,224 ரூபாய் உயர்ந்து, பணம் எடுக்காமலே குறைவு ஏற்பட்டிருக்கும்.

நிராகரிப்புக்குப் பின்

கடிதம் வந்த அன்று இரண்டு வழிகள் தெரிந்தன. 80 பவுண்டு கட்டி மறுபரிசீலனை கேட்பது ஒன்று. ஆனால் அது அதிகாரியின் பிழையைச் சுட்டிக்காட்டும் வழி, இங்கே அதிகாரி பிழை செய்யவில்லை. புதிய விண்ணப்பம் போடுவது மற்றொன்று. பணம் ஜூலை 22 முதல் குறையாமல் இருந்ததால், மறுநாளே விண்ணப்பிக்கும் நிலையில்தான் குடும்பம் இருந்தது. தடையாக நின்றது சி.ஏ.எஸ். எனப்படும் சேர்க்கை உறுதி எண். ஒரு விண்ணப்பத்துக்குப் பயன்பட்டு நிராகரிக்கப்பட்ட எண்ணை மீண்டும் பயன்படுத்த முடியாது. பல்கலைக்கழகம் புதிய எண் தர வேண்டும். ஆனால் அதுவரை இருந்த விதிப்படி, தன்னால் சேர்க்கப்பட்டவர்களின் விசாக்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நிராகரிக்கப்பட்டால், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கப் பல்கலைக்கழகத்துக்கு உள்ள உரிமமே சிக்கலுக்கு உள்ளாகும் நிலை இருந்தது. அந்த வரம்பை ஐந்து விழுக்காடாக இறுக்கப் போவதாக 2025 மே மாதம் பிரிட்டன் அரசு அறிவித்திருந்தது. எனவே ஒருமுறை நிராகரிக்கப்பட்டவருக்கு மறு எண் தரப் பல்கலைக்கழகங்கள் தயங்குகின்றன. இவருக்கு ஜனவரிச் சேர்க்கையில்தான் எண் தர இயலும் என்று பதில் வந்தது.

விசாக் கட்டணம் 524 பவுண்டு திரும்ப வரவில்லை. மருத்துவ மேல்வரி வந்தது. ஆனால் பெரிய இழப்பு வேறு. படிப்பு முடிந்தபின் பிரிட்டனில் தங்கி வேலை பார்க்க முதுநிலைப் பட்டதாரிக்கு இரண்டு ஆண்டு அனுமதி இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. செப்டம்பர் 2025இல் சேர்ந்திருந்தால் இவர் 2026 முடிவதற்குள் படிப்பை முடித்து விண்ணப்பித்து, இரண்டு ஆண்டு பெற்றிருக்க வாய்ப்பு இருந்தது. ஜனவரி 2026இல் சேர்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான்கு நாள் குறைவுக்கு ஆறு மாத வேலைக் காலம் விலையாகப் போயிற்று. கடன் வாங்கிப் படிக்கும் ஒருவருக்கு அந்த ஆறு மாதச் சம்பளம் என்ன பொருள் தரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் விண்ணப்பம்

செப்டம்பரில் மீண்டும் கூடியபோது இளைய மகளே பேசினார். தன் பெயரைச் சொல்லி மனையை அடைத்து வைக்க வேண்டாம், அக்கா சம்பாதித்து மீட்கட்டும் என்றார். ஆத்தா அன்று பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மூலப் பத்திரத்தை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார்.

தனியொருவர் பெயரில் தெளிவான பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று இருந்ததால் வங்கி வழக்கறிஞர் எந்த ஆட்சேபமும் எழுப்பவில்லை. நவம்பர் 10 அன்று 25 லட்சம் ரூபாய் கல்விக் கடனுக்கு ஒப்புதல் கடிதம் வந்தது. விதிகளின்படி, உரிய நிதி நிறுவனத்தின் கல்விக் கடனுக்கு 28 நாள் கணக்கு கிடையாது. ஆறு மாதத்துக்குள் எழுதப்பட்ட ஒப்புதல் கடிதம் போதும். ஈடு வைக்கச் சொத்து உள்ளவர்கள் உறவினர் பணத்தைத் திரட்டுவதைவிட இவ்வழியையே முதலில் நாட வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே முதல் காரணம். வேறு காரணங்களும் உண்டு. 2025-26 நிதியாண்டில் சொந்தப் பணத்தை வெளிநாட்டுக் கல்விக்கு அனுப்பியவர்களிடம், 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி ஐந்து விழுக்காடு வரியை முன்கூட்டியே பிடித்தது. கல்விக் கடனாக அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அந்தப் பிடித்தம் இல்லை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை கழிவும் உண்டு. நகைக் கடன் வட்டிக்கு அது கிடையாது.

இதற்குள் தேவையும் உயர்ந்திருந்தது. நவம்பர் 11 முதல் வாழ்க்கைச் செலவுக் கணக்கு மாதம் 1,171 பவுண்டு ஆயிற்று. ஒன்பது மாதத்துக்கு 10,539. பவுண்டும் 118 ரூபாயை ஒட்டி நின்றது. மொத்தத் தேவை 27,539 பவுண்டு, அதாவது 32,49,602 ரூபாய். ஆகஸ்டைவிட 91,618 ரூபாய் கூடுதல். கடன் 25 லட்சம் போக 7.5 லட்சம் வேண்டியிருந்தது. அப்பச்சி இதற்கென்றே தொடங்கிய புதிய கணக்கில் 8,50,000 ரூபாய் அக்டோபர் 20 முதல் தொடப்படாமல் இருந்தது. அந்தக் கணக்குக்குக் காசோலையோ அட்டையோ வாங்கவில்லை. நவம்பர் 24 அன்று விண்ணப்பம் அனுப்பும் முன் அப்பச்சியும் மாணவியும் நானும் வளவில் உட்கார்ந்து, அறிக்கையின் ஒவ்வொரு தேதியையும் அவர் வாசிக்க, மாணவி எழுத, நான் சரிபார்த்தேன். முந்தைய நிராகரிப்பையும் மறைக்காமல் படிவத்தில் எழுதினோம். மறைத்தால் பத்தாண்டுத் தடைக்கு இடம் உண்டு. டிசம்பர் நடுவில் விசா வந்தது.

பெரியப்பச்சிக்கும் அம்மானுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நகைகளையும் மீட்டார்கள். வட்டி வாங்கிக்கொள்ளப் பெரியப்பச்சி மறுத்துவிட்டார்.

கடனின் சுமையை மாணவி புறப்படும் முன்பே எழுத்தில் காட்டினேன். 25 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 10.5 விழுக்காடு என்று கொண்டால், படிப்புக்கு ஓராண்டும் அதன்பின் விலக்குக் காலம் ஓராண்டுமாக இரண்டு ஆண்டுக்கு 5.25 லட்சம் வரை தனி வட்டி சேரும். அதை அவ்வப்போது கட்டிவிட்டாலும், பத்தாண்டுத் தவணையில் மாதம் ஏறத்தாழ 33,700 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்ததால், முழு 20 மணி கிடைத்தால் வாரம் 244 பவுண்டு வரும் என்று கணக்கிட்டோம். அது அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் துணையாகுமே தவிர, கடனை அடைக்காது. வட்டியை மட்டுமாவது அப்பச்சி மாதந்தோறும் இங்கிருந்தே கட்டுவதென்று முடிவாயிற்று.

மாணவி ஜனவரி 10 அன்று புறப்பட்டார். அடுத்த வாரம் பொங்கலுக்குப் பங்காளிகள் ஊருக்கு வந்திருந்தபோது, வீட்டுக்குப் பாகப் பத்திரம் எழுதும் பேச்சைப் பெரியப்பச்சியே வளவில் எடுத்தார். பதினான்கு பேரில் ஒன்பது பேர் அன்றே இசைந்தார்கள். மலேசியாவில் உள்ள இருவர் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். மூவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவருடைய மகன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான்.